கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னேன்

நான் அன்று சொன்னது தப்பா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

2014, சீனாவின் வென்சோ நகரம். ஷூவின் சோல் ஒட்டு விடுகிறதா என்று கட்டைவிரலால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக எனக்கு மொழிபெயர்க்கும் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சுக்கு வருவீர்களா? வெளிநாட்டுக்காரர் ஒருவர் நின்றால் அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்." சர்ச் உச்சியிலிருந்த சிலுவையை இறக்க அரசாங்க ஆட்கள் வருவார்கள் என்று சபையார் முறைவைத்து ராத்திரியும் காவல் இருந்த நேரம் அது.

"கொஞ்சம் பொறுங்கள். உங்கள் அரசாங்கம் இறுக்கும், அப்புறம் தளர்த்தும்" என்றேன்.

அதை எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். 1966-ல் மாவோவின் கலாச்சாரப் புரட்சி வந்ததும் அவருடைய பாட்டியின் சர்ச்சைப் பூட்டிக் கிடங்காக்கினார்களாம். மாவோ இறந்த சில வருடங்களில் திறந்தார்கள். மதம் நெடுங்காலம் இருக்கும், பலவந்தமாக ஒழிக்க முடியாது என்று கம்யூனிஸ்ட் கட்சியே 1982-ல் தன் 19-ம் எண் ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அவர் சொன்ன கதையை எடுத்து அவருக்கே பதிலாகக் கொடுத்துவிட்டேன்.

போயிருந்தால் விசா போயிருக்கலாம், ஆம்பூரில் என்னை நம்பி ஆர்டர் கொடுத்தவர்கள் தவித்திருப்பார்கள். அந்த ஏப்ரலில் வென்சோவின் சான்ஜியாங் சர்ச்சைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் நின்றும் 28-ம் தேதி இடித்துவிட்டார்களே, நான் ஒருவன் நின்று என்ன ஆகியிருக்கும்? அரசு அனுமதி பெற்ற சர்ச் அது. அனுமதித்ததைவிடப் பல மடங்கு பெரிதாகக் கட்டிவிட்டார்கள் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் மற்ற சர்ச்சுகளின் உச்சியில் இருந்த சிலுவை எத்தனை சதுர அடி?

இப்படி எனக்குச் சாதகமாக எத்தனை சொன்னாலும், அவர் கேட்டது "தடுக்க முடியுமா" என்று இல்லை, "வருவீர்களா" என்றுதான். அங்கேயே வந்து நின்றுவிடுகிறேன்.

தளரும் என்றேனே, தளரவில்லை. 2018-ல் புதிய மத விதிகள் இன்னும் கடுமையாக நடப்புக்கு வந்தன. அதே வருடம் அரசின் மத விவகாரத் துறையே, கட்சிக்கு வெளியே உள்ளவர்களைக் கையாளும் கட்சியின் ஐக்கிய முன்னணிப் பிரிவுக்குள் போனது.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். சிலுவையை இறக்கிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஜோடியை எடுத்து நீட்டினார்.

அப்புறம் ஒரு நாள் போட்டோ அனுப்பினார். சிலுவை உச்சியில் இல்லை, முன்சுவரில் சிறியதாக, சுவரின் நிறத்திலேயே பூசியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பதில் எழுதவில்லை.