உயரத்தைப் பார்க்காதீங்க, பையை எண்ணுங்க

பரணில் செல்லுலோஸ் இன்சுலேஷன் (வெப்பம் கடக்காமல் தடுக்கும் காகிதத் தூள்) தூவியிருக்கிறார்கள். அதில் குத்தி வைத்த அட்டை ஸ்கேல் 14 அங்குலம் காட்டுகிறது. மூலையில் கிடக்கும் காலித் தூள் பைகளோ கணக்குக்குப் பாதிகூட இல்லை.

இந்த வேலையில் இது பழைய வித்தை. ப்ளோயரில் காற்றைக் கூட்டி, தூளைக் குறைத்தால் பொசுபொசுவென்று பொங்கி நிற்கும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஸ்கேலைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பிறகு அமுங்கும்.

ஒழுங்காகப் போட்டாலே ஓரளவு அமுங்கத்தான் செய்யும். அதற்குத்தான் பையின் மேலேயே அட்டவணை அச்சடித்திருக்கிறார்கள்: இத்தனை சதுர அடிக்கு இத்தனை பை, போடும்போது இவ்வளவு உயரம், அமுங்கிய பிறகு இவ்வளவு. அங்குலத்துக்குச் சுமார் ஆர்-3.5 (ஆர் என்றால் வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) என்பது அமுங்கிய உயரத்துக்கான கணக்கு. ஆர்-38 வேண்டுமென்றால் கடைசியில் 11 அங்குலம் நிற்க வேண்டும்.

சுவருக்குள் இந்தத் தளர்ச்சியே கூடாது. கன அடிக்கு 3.5 பவுண்டாவது வருகிற மாதிரி இறுக்கித் திணிக்கணும். இல்லையென்றால் தூள் இறங்கி, மேலே வெறும் இடைவெளி விழும்.

இன்னொன்று, தூவிய பிறகு ஓட்டை தேடுவது வீண் வேலை. வயரும் பைப்பும் ஏறுகிற சந்துகளை முதலிலேயே ஃபோமால் அடைக்கணும். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் வேண்டாம். அங்கே தகடும் தீ தாங்கும் சீலன்ட்டும்தான். செல்லுலோஸும் புகைபோக்கியை ஒட்டி வரக்கூடாது, தகட்டில் தடுப்பு கட்டுங்க.

கூரை ஒழுகுதா? அதைச் சரிபண்ணாமல் ஒரு பையைக்கூடப் பிரிக்காதீங்க.