பார்த்து ஆடுங்கள்

பள்ளியில் சதுரங்கக் குழுவை நான்தான் நடத்துகிறேன். பார்வையற்ற மாணவி ஒருத்தி சேர வந்தபோது, "நீ உட்கார்ந்து பார்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லப்போனதன் அபத்தம் உறைத்து, அப்படியே விழுங்கிவிட்டேன்.

அவளுக்கான பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். கட்டத்துக்கு ஒரு துளை, காய்க்கு அடியில் ஒரு முளை. தடவிப் பார்த்தாலும் காய் சரியாது. கறுப்புக் காய்களுக்குத் தனி அடையாளம் உண்டு. ஆளுக்கொரு பலகை வைத்துக்கொண்டு, நகர்த்தலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது நான் தந்த சலுகை அன்று. சர்வதேச விதிகளிலேயே இருப்பது.

பலகை எளிதாகக் கிடைத்தது. நேரம்தான் திணறடித்தது. குழு கூடுவது மாலையில். அவளுடைய துணையாளரோ பள்ளி மணி அடித்ததும் கிளம்பிவிடுவார். மூன்று வாரம் மன்றாடி மதிய இடைவேளைக்கு மாற்றினேன். மற்ற பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். நியாயம்தான், சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டுமே!

இப்போது எல்லோருமே நகர்த்தலை உரக்கச் சொல்கிறார்கள். யோசிக்காமல் காயைத் தூக்கும் பையன்கூட, சொல்வதற்கு முன் ஒரு நொடி நிற்கிறான்.

நேற்று என் ராணியை வெட்டிவிட்டு அவள் சொன்னாள்: "சார், கொஞ்சம் பார்த்து ஆடுங்கள்."