டர்பனில் ஆய்வு முறையியல் இயலை எழுதி முடித்த அனுபவம்

தமிழ்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு பொது வாய்மொழித் தேர்வு உண்டு. ஏட்டில் விளங்காமல் போனதை அங்கே நேரில் விளக்கிக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக அந்த வழக்கம் இல்லை. ஆய்வேடு வெளித் தேர்வாளர்களுக்குப் போகும், அவர்கள் எழுத்தில் அறிக்கை அனுப்புவார்கள், அவ்வளவுதான். திருமணமாகி டர்பனுக்கு வந்து இங்கேயே ஆய்வில் சேர்ந்த எனக்கு, ஆய்வை எப்படி, ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்லும் முறையியல் இயல் எதற்காக இருக்கிறது என்பதைக் கையேடுகளைவிட இந்த ஏற்பாடே தெளிவாக்கியது. முன்பின் அறியாத ஒருவர் "இதை ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்கும் இடங்களிலெல்லாம் நான் இல்லாமலே பதில் கிடைக்க வேண்டும்.

குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து அதே நகரின் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் அந்த இடப்பெயர்வை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே என் ஆய்வு வினா. எண்களைவிடச் சொற்களையும் அனுபவங்களையும் ஆராயும் பண்புசார் ஆய்வு என்றால் என்ன என்று பல பக்கங்கள் எழுதுவது இங்கும் வழக்கம்தான். தேர்வாளருக்குத் தெரிந்ததை அவருக்கே பாடம் நடத்துவதில் பயனில்லை என்று அதை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தை, கைவிட்ட வழிகளைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்தினேன். வினாநிரல் கொடுத்திருந்தால் யார் எந்த ஆண்டில் பெயர்ந்தார்கள் என்பது கிடைத்திருக்கும். அரசுக் கோப்புகளில் மனை எண்ணும் வெளியேற்ற ஆணையும் கிடைத்திருக்கும். ஆனால் புதிய வீட்டின் அடுப்படியில் முதல் வாரம் எப்படிக் கழிந்தது என்பது இரண்டிலும் கிடைக்காது. வாய்மொழி வரலாற்று நேர்காணலைத் தேர்ந்ததற்கான காரணம் இவ்வாறு வினாவிலிருந்தே வந்தது.

யாரை நேர்காண்பது என்ற மாதிரித் தேர்வில், ஒருவர் அடுத்தவரை அறிமுகம் செய்துவைக்கும் பனிப்பந்து முறைக்கு ஒரு இயல்பான குறை உண்டு. ஒரு கோவில் வழியாகத் தொடங்கினால், அந்தக் கோவிலுக்குக் காவடி எடுக்கும் குடும்பங்களுக்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வரும். அதனால் கோவில், முதியோர் மன்றம், காய்கறிச் சந்தை என்று தொடர்பில்லாத இடங்களிலிருந்து தொடங்கி, யார் யாரை அறிமுகம் செய்தார்கள் என்பதைப் படமாக வரைந்து இயலில் சேர்த்தேன். "எத்தனை பேர் போதும்?" என்ற கேள்விக்குப் பலரும் 12 என்பார்கள். அது கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து, முதல் 12இலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் அங்கே பங்கேற்பாளர்கள் பெருமளவு ஒத்த தன்மையினர், கேள்விகளும் ஒரே அமைப்பில் இருந்தன. என் களத்திலோ மனைவியாகப் பெயர்ந்தவரும் குழந்தையாகப் பெயர்ந்தவரும் இருவேறு கதைகளைச் சொன்னார்கள். எனவே அந்த எண்ணில் சாய்ந்துகொள்ளாமல், ஒவ்வொரு பிரிவிலும் கடைசி நேர்காணல்கள் புதிதாக எதைக் கொடுத்தன, எதைக் கொடுக்கவில்லை என்பதை எழுதினேன்.

ஆய்வாளரின் நிலைப்பாடு பற்றிய பகுதியே எனக்கு மிகவும் பிடித்தது. "நான் ஒரு தமிழ்ப் பெண், இந்தியாவில் பிறந்தவள்" என்று அடையாளங்களை அடுக்கிவிட்டு நகர்வது எளிது. அந்த அடையாளம் தரவை என்ன செய்தது என்று காட்டுவதுதான் இயலுக்கு வலுவைத் தருகிறது. மாரியம்மன் பூசையைப் பற்றிக் கேட்டபோது ஓர் ஆன்ட்டி, "நீ இந்தியாவிலிருந்து வந்தவள், உனக்குத் தெரியாததா?" என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார். அதே ஆன்ட்டி இனஒதுக்கல் காலத்தைப் பற்றிப் பேசும்போது, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றையும் விளக்கினார். ஆக, என் பதிவுகளில் சடங்கு மெலிந்தும் அரசியல் தடித்தும் இருந்தன. இந்தச் சாய்வைச் சான்றோடு எழுதி, சடங்கைப் பற்றிய கேள்விகளை "உங்கள் அம்மா எப்படிச் செய்வார்?" என்று மாற்றிக் கேட்டதையும் குறிப்பிட்டேன்.

அறநெறிக் குழுவின் அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, புனைபெயர் இட்டேன் என்று ஒரு வரி எழுதுவது சாட்ஸ்வர்த்தில் போதாது. அங்கே பகுதிகளுக்கு எண்கள் உண்டு. பகுதி எண்ணையும் கோவிலின் பெயரையும் பூ விற்பவர் என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால், எந்தப் புனைபெயர் இட்டாலும் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஆகவே எந்த விவரங்களை ஒன்றாகச் சொல்லக்கூடாது என்று விதி வகுத்து, ஒலிப்பதிவுக்கும் அதைப் பின்னாளில் ஆவணக் காப்பகத்தில் வைப்பதற்கும் தனித்தனி ஒப்புதல் வாங்கினேன். பதிவுக்கு இசைந்து காப்பகத்துக்கு மறுத்தவர்களும் இருந்தார்கள்.

பகுப்பாய்வுக்குப் பிரான், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் 2006இல் முன்வைத்த கருப்பொருள் பகுப்பாய்வைப் பின்பற்றினேன்; பேச்சு வரிகளுக்குச் சிறு குறிகள் இட்டு, அவற்றிலிருந்து பொதுக் கருத்துகளை உருவாக்கும் முறை அது. கருப்பொருள்கள் தாமாக "வெளிப்பட்டன" என்று எழுதுவதை அவர்களே ஏற்பதில்லை; அவற்றை உருவாக்குபவர் ஆய்வாளர்தான். அதனால் ஒரே ஒரு கருப்பொருளின் வழித்தடத்தை முழுதாகக் காட்டினேன். விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் பலரும் மாமரத்தையும் கறிவேப்பிலையையும் சொன்னார்கள். முதலில் அதற்கு "தோட்டம்" என்று குறியிட்டேன். பிறகு, அறைகளின் எண்ணிக்கையைவிட மரங்களையே வீட்டின் அளவாகச் சொல்கிறார்கள் என்று பட்டதும், பேச்சு வரி, குறி, கருப்பொருள் என மூன்று கட்டங்களையும் ஒரு பட்டியலில் வைத்தேன். பண்புசார் ஆய்வை எந்த அளவு நம்பலாம் என்று மதிப்பிட லிங்கன், கூபா என்ற ஆய்வாளர்கள் 1985இல் வகுத்த நம்பகத்தன்மை அளவுகோல்களுக்குத் தனி விளக்கம் எழுதாமல், இந்தப் பட்டியலையே சான்றாகச் சுட்டினேன்.

மற்றவை சிறு வேலைகள். முன்மொழிவில் "செய்வேன்" என்று இருந்த வினைகளையெல்லாம் இறந்தகாலத்துக்கு மாற்றுவது அலுப்பான வேலை, ஆனால் ஒன்று தப்பினாலும் கண்ணை உறுத்தும். தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்தபோது இந்த இயலைப் பற்றி ஒரு கேள்விதான் இருந்தது: ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கியவர் யார்? நானே எழுத்தாக்கினேன் என்பதையும், இடையிடையே வந்த தமிழ்ச் சொற்களை ஒலித்தபடியே விட்டேன் என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்து ஏட்டைத் திருப்பி அனுப்பினேன்.