டெவ்வும் என் இடது கண்ணும்

பிப்ரவரி 3

கண் மருத்துவமனையிலிருந்து கடிதம் வரவில்லை.

பிப்ரவரி 4

நேற்றே எழுதியிருக்க வேண்டியது. 1919 பிப்ரவரி 3 அன்றுதான் அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவர் ஈமன் டி வலேரா, சுருக்கமாக டெவ், இங்கிலாந்தின் லிங்கன் சிறையிலிருந்து தப்பினார். பூசைக்கு உதவி செய்கிற சாக்கில் பாதிரியாரின் சாவியை மெழுகுவர்த்தி மெழுகில் அழுத்தி அச்செடுத்தார். சாவியின் வடிவத்தைக் கேலிச்சித்திர அட்டையில் வரைந்து வெளியே அனுப்பினார்கள். கேக்குக்குள் சாவி வந்தது, சேரவில்லை. மறுபடி கேக், மறுபடி சாவி. கடைசி நாளில் அவருடைய தோழர் மைக்கேல் காலின்ஸ் வெளியிலிருந்து போட்ட சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துபோக, டெவ் உள்ளிருந்து தன் சாவியால் அந்தத் துண்டைத் தள்ளிவிட்டுத் திறந்தார்.

இதற்கா ஒரு படம்கூட இல்லை! தொப்பியோடு ரயில் நிலையத்தில் நிற்கிற படங்கள் மட்டும் ஏராளம்.

பிப்ரவரி 6

அம்மா போனில். "ஏன்டி, கண்ணுக்கு ஓய்வு குடுன்னா, ராத்திரி பூரா செத்துப்போனவர் படத்தையா பாத்துட்டிருக்கே?" பூரா இல்லை, பதினொன்று வரைதான் என்றேன். சமாதானமாகவில்லை.

அயர்லாந்து தேசிய நூலகத்தில் கியோ சகோதரர்கள் என்ற படக்காரர்களின் கண்ணாடிப் படத் தகடுகள் இருக்கின்றன. திரையில் பெரிதாக்கினால் கோட்டுப் பொத்தானின் நூல்வரை தெரிகிறது. வலது கண்ணுக்கு.

பிப்ரவரி 9

கண்ணைச் சோதிக்கிற கட்டம் போட்ட அட்டையில் இன்று கோடுகள் அவ்வளவாக வளையவில்லை. நடுவில் மட்டும் கொஞ்சம்.

பிப்ரவரி 10

தூக்கம் வரவில்லை. 1921தான் காரணம்.

ஜூலையில் விடுதலை பற்றிப் பேச லண்டனுக்கு டெவ்வே போனார். பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜை நான்கு முறை சந்தித்தார். வெள்ளைக்காரன் எதைக் கொடுப்பான், எதைக் கொடுக்கமாட்டான் என்று அதிலேயே தெரிந்திருக்கும். அக்டோபரில் உண்மையான பேச்சுவார்த்தை. அந்தக் குழுவின் படத்தை எடுத்துப் பாருங்கள்: கிரிஃபித், காலின்ஸ், பார்ட்டன், டக்கன், கவன் டஃபி. செயலாளராக எர்ஸ்கின் சில்டர்ஸ். நாட்டின் தலைவர் எங்கே? டப்ளினில். தான் ஊரில் இருந்தால்தான் எல்லாரையும் ஒன்றாகப் பிடித்துவைக்க முடியும், குழு எதையும் முடிவு செய்யுமுன் தன்னிடம் கேட்க ஒரு வழி இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். காலின்ஸோ போக விருப்பமில்லாமல் போனவர்.

டிசம்பர் 6 விடியுமுன் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆனது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. அன்று மாலை டெவ் டப்ளின் மேன்ஷன் ஹவுஸில், இத்தாலியக் கவி தாந்தே இறந்து 600 ஆண்டு ஆனதற்கான விழாவுக்குத் தலைமை தாங்க வந்திருந்தார். ஒப்பந்தத்தின் வாசகம் அங்கேதான் கைக்கு வந்தது. அதை எதிர்த்து, அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் 64க்கு 57 என்று அவர் தோற்றார். உள்நாட்டுப் போர் மூண்டது, ஆகஸ்டில் காலின்ஸ் பிணம். 31 வயது.

பழி விழும் என்று தெரிந்தே தம்பியை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்த அண்ணன். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. மணி இரண்டரை.

பிப்ரவரி 12

மருத்துவமனைக்குப் போன் போட்டேன். பட்டியலில் பெயர் இருக்கிறதாம். இருக்கட்டும்.

பிப்ரவரி 15

சிரித்துவிட்டேன். 1919 அக்டோபர், அமெரிக்காவின் விஸ்கான்சினில் சிப்பேவா பழங்குடி மக்களின் இறகுக் கிரீடம் டெவ் தலையில், கீழே அதே வட்டக் கண்ணாடி, கணக்கு வாத்தியார் முகம். ஆனால் அவர் வேடிக்கைக்காகப் போகவில்லை. முதலில் ஐரிஷில்தான் பேசினார், நான் வெள்ளையன், ஆனால் ஆங்கிலேயன் இல்லை என்று அவர்களுக்குப் புரிய. அமெரிக்கப் பயணம் ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடமும் ஊரில் அடிபட்டுக்கொண்டிருந்தது யார்? சரி, இன்றைக்கு வேண்டாம்.

பிப்ரவரி 18

என் வீட்டுக்காரர் ரசம் வைத்தார். உப்பு இல்லை. சொல்லவில்லை.

நம்மூர்க்காரர்களும் இந்தக் கதையில் உண்டு. சுபாஷ் சந்திர போஸ் 1936இல் டப்ளின் வந்து டெவ்வைச் சந்தித்தார். வி. வி. கிரி அதற்கு முன்பே, 1913 முதல் 1916 வரை இங்கே சட்டம் படித்தவர். பிறகு ராஜாஜியின் சென்னை மந்திரிசபையில் அமைச்சர். 1969இல் அவர் இந்தியக் குடியரசுத் தலைவரானபோது டெவ் அயர்லாந்தின் குடியரசுத் தலைவர். அப்புறம், நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரி 1937இல் டெவ் கொண்டுவந்த அயர்லாந்து அரசியலமைப்புதான். பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வி.

பிப்ரவரி 21

1942. அவரே தொடங்கிவைத்த டப்ளின் உயராய்வு நிறுவனத்தில் எடுத்த படம். விஞ்ஞானிகள் டிராக், எடிங்டன், ஷ்ரோடிங்கர், இவர்களோடு பிரதமர் டெவ். உலகப் போர் நடுவில்! வேறு எந்தப் படத்திலும் அவரை இவ்வளவு இளைப்பாறிப் பார்த்ததில்லை. கட்சிக்காரர்கள் பக்கத்தில் இல்லாததும் காரணமாக இருக்கும்.

பத்து வருடம் கழித்து, 1952இல், அதே மனிதர் கண் அறுவைக்காக ஹாலந்தில் உட்ரெக்ட் போய்ப் படுத்தார். பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இதை ஏன் தேடிப் படித்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 22

ஜன்னல் சட்டம் வளைந்தது.

பிப்ரவரி 24

மறுபடி 1921. காலின்ஸை அனுப்பியது கோழைத்தனம் என்றால், 1945 மே 2 என்ன? ஹிட்லர் செத்த செய்தி வந்ததும் ஜெர்மன் தூதரிடம் நேரே போய் துக்கம் விசாரித்தார். நடுநிலை நாட்டின் மரபு என்றார். உலகமே காறித் துப்பியது. ஒளிய நினைக்கிறவர் யாரையாவது அனுப்பியிருப்பார். அன்று தானே போனார், போகக் கூடாத இடத்துக்கு. லண்டனுக்கு மட்டும் ஏன் போகவில்லை?

பழிக்குப் பயந்தவர் இல்லை போல. தான் வைத்ததே சரி என்ற பிடிவாதம். அது இன்னும் மோசம். காலின்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிப்ரவரி 27

கடிதம் வந்துவிட்டது. மார்ச் 4, காலை. முதல் ஊசி. கண்ணுக்குள்ளேயே போடுவார்களாம். அம்மாவிடம் "சொட்டு மருந்து" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மார்ச் 1

1965, இதே தேதி. லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஐரிஷ் புரட்சியாளர் ரோஜர் கேஸ்மென்ட்டின் எச்சங்களை ஏறக்குறைய 49 வருடத்துக்குப் பிறகு, அதற்குச் சில நாள் முன்புதான் பிரிட்டன் திருப்பிக் கொடுத்திருந்தது. டப்ளின் கிளாஸ்நெவின் இடுகாட்டில் அடக்கம், பனிமழை. 82 வயது டெவ், நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து, தொப்பி போடச் சொன்னவர்களை மீறி வெறுந்தலையோடு நின்று பேசினார். அதற்குள் பார்வை அநேகமாகப் போயிருந்தது.

அந்தக் காலத்துப் படங்களில் ராணுவ உதவியாளர் முழங்கைக்கு அருகிலேயே இருக்கிறார். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடி வந்தபோதும். எதிரே நிற்கிற 46 வயதுக்காரரின் முகம் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? நவம்பரில் அதே மனிதரின் இறுதிச் சடங்குக்கு அமெரிக்கா போனார்.

மார்ச் 3

நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாமா கூடாதா என்று கடிதத்தில் இல்லை. போன் எடுக்க ஆளில்லை.

1973 ஜூனில் டெவ் குடியரசுத் தலைவர் மாளிகையை விட்டுப் போனது 90 வயதில். அந்த வருடப் படங்களை இன்னும் திறக்கவில்லை. 1921 ஜூலைப் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். லண்டனில், கூட்டத்தின் நடுவில், தலை ஒரு சாண் உயரே