ஃப்ரெஸ்டன் கோபுரம்: நீலச் சாய்சதுரம் ஒருவழியாகச் சேர்ந்தது

ஃப்ரெஸ்டன் கோபுரத்தின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். அதில் மூன்று தடவை சுரண்டி எறிந்த சுவர் நேற்று ராத்திரி சரியாக வந்துவிட்டது. சிவப்புச் சுவரில் நீலச் செங்கல் வரையும் சாய்சதுரங்கள் அத்தனையும் முனைக்கு முனை சேர்ந்து நிற்கின்றன. படுக்கப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இங்கிலாந்தில் இப்ஸ்விச்சுக்குத் தெற்கே, ஆர்வெல் ஆற்றங்கரையில் நிற்கும் ஆறு மாடிச் செங்கல் கோபுரம்தான் இதன் அசல். 1578-79 வாக்கில் எழுந்தது; கட்டியவர் தாமஸ் குடிங் என்ற வணிகராக இருக்கலாம் என்கிறார்கள். மாடிக்கு ஒரே அறை, மொத்தம் 26 ஜன்னல். ஆற்றைப் பார்ப்பதற்கென்றே கட்டியது போல இப்படி ஒன்றை எழுப்பிய மனசு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அளவு 1:50. ஒன்பது அங்குலக் கல் நாலரை மி.மீ. ஆகிறது, கனம் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். ஃபோமில் வரிசை கீறுவது கஷ்டமில்லை. உயிரை வாங்கியது நீலச் செங்கல்தான். முதலில் எல்லா வரிசையிலும் நீலம் பூசினேன். கோடு தடித்து, சதுரம் நசுங்கிப்போனது. பிறகுதான் பிடிபட்டது. விறகுச் சூளையில் நெருப்பைப் பார்த்திருக்கும் கல்லின் தலைமுகம்தான், அதாவது குறுகிய முனைப் பக்கம்தான், சாம்பல் படிந்து, உருகி, நீலம் பாய்ந்து கண்ணாடி போலாகும். ஆகவே தலைமுகம் தெரியும் வரிசையில் மட்டும் நீலம். அடுத்த தலைமுக வரிசையில் ஒரு கல் தள்ளி. நடுவே வரும் நீளமுக வரிசை, கல்லின் நீளப் பக்கம் தெரிவது, சிவப்பாகவே இருக்கட்டும்.

அப்படியும் மூலையில் பொருந்தவில்லை. மூலைக்கல்லை அடுத்து வரும் அந்த ஒல்லி வெட்டுக்கல், எண்ணிக்கையைக் கால் கல் நகர்த்திவிடுகிறது. மூலையிலிருந்து எண்ணவே கூடாது! சுவரின் நடுக்கோட்டில் தொடங்கி இரு பக்கமும் போங்கள்; மிச்சம் மூலையில் விழட்டும்.

நிறத்துக்குக் கறுப்பு வேண்டாம். கருநீலச் சாம்பல் பூசி, அந்தக் கற்களுக்கு மட்டும் அரைப் பளபளப்பு வார்னிஷ். 000 எண் கொண்ட மிக மெல்லிய தூரிகையை இணையத்தில் வாங்கினேன், இரண்டே நாளில் முடி பிரிந்தது. நேரில் போய், நனைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஜன்னல் சட்டங்கள் அசலில் கல் இல்லை, கல் மாதிரி சாந்து பூசிய செங்கல். அதற்கு மெல்லிய புட்டிப் பூச்சு முயன்று பார்க்கிறேன். அடுத்து எஸ்ஸெக்ஸின் லேயர் மார்னி வாயில் கோபுரம். அதன் சுடுமண் ஜன்னல்களுக்கு இப்போதே அச்சு செதுக்க ஆரம்பித்துவிட்டேன். ஃப்ரெஸ்டனின் மற்ற மூன்று சுவரும் இன்னும் வெறும் ஃபோமாகத்தான் மேசையில் கிடக்கின்றன.