தாளை நடுவில் மடித்துப் படித்த பாடம்

எம்.ஏ. வரலாறு படித்தபோது என்னைப் பாடாய்ப் படுத்தியது, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரான்ஸின் எதிர்ப்பு இயக்கம். மாதிரித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியும் 15க்கு 6தான். "தேதி எல்லாம் சரி, காரணம் எங்கே?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி.

அதன் பிறகு ஒரே ஒருவரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டேன்: பியேர் ஜோர்ஜ். கர்னல் ஃபாபியான் என்பது இயக்கப் பெயர். 1919இல் பாரிஸில் பிறந்தவர். 17 வயதிலேயே ஸ்பெயினுக்குப் போய், அங்கே உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோவை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட்.

ஒரு தாளை நடுவில் மடித்தேன். இடப்பக்கம் உலகம், வலப்பக்கம் ஃபாபியான். 1941 ஜூன் 22: ஹிட்லர் சோவியத் மீது படையெடுக்கிறார். ஆகஸ்ட் 21: பார்பெஸ் மெட்ரோ நிலையத்தில் ஜெர்மன் கடற்படையைச் சேர்ந்த மோசரை ஃபாபியான் சுட்டுக் கொல்கிறார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும்தான் காரணம் கண்ணில் பட்டது. அதற்காக, "ஜூனுக்குப் பிறகுதான் கம்யூனிஸ்டுகள் விழித்தார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். மே மாதக் கடைசியிலேயே வட பிரான்ஸ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர்கள் அவர்கள். ஜூனுக்குப் பிறகு ஆயுதமும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பாடத்தின் உயிர், அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த வாரத்தில் இருக்கிறது. அங்கே நிதானமாக நில்லுங்கள். கைதிகள் எல்லோரும் இனிப் பணயக்கைதிகள் என்று ஜெர்மானியர்கள் அறிவித்தார்கள். ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு சிறப்பு நீதிமன்றம் அமைத்தது. அதற்கான சட்டத்துக்கு ஆகஸ்ட் 14 என்று முன்தேதி போட்டது. ஆகஸ்ட் 28 அன்று, சுட்டதில் எந்தப் பங்கும் இல்லாத மூன்று பேரைத் தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டினுக்கு அனுப்பியது. நான் இதைப் படித்த இரவில் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

அக்டோபரில் நாந்த் நகரில் ஒரு ஜெர்மன் அதிகாரி கொல்லப்பட்டதற்கு, ஷாத்தோப்ரியானில் மட்டும் 27 பேர் சுடப்பட்டார்கள். அதில் கி மோக்கேவுக்கு 17 வயது. மறுநாளே, இப்போதைக்கு ஜெர்மானியரைக் கொல்ல வேண்டாம் என்று லண்டன் வானொலியில் சொன்னார் சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தின் தலைவர் டி கோல். ஒரு கொலைக்கு இத்தனை உயிர் விலையா என்ற இந்த வாதத்தை விடையில் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஃபாபியானை வெறும் வீரராக எழுதினால் பாதி விடைதான். அந்த விலை அவர் வீட்டுக்கும் வந்தது: 1942இல் அவருடைய தந்தையையும் சுட்டுக் கொன்றார்கள்.

மற்றதை இரண்டு வரியில் முடிக்கலாம்: 1942 இறுதியில் கைது, 1943இல் தப்பித்தல், 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலைப் போர்.

வலப்பக்கத்தின் கடைசி வரி 1944 டிசம்பர் 27. அல்சாஸில் ஆப்சைம் என்ற ஊரில் கண்ணிவெடி வெடித்து இறந்தார், வயது 25. இடப்பக்கத்தில் போர் முடிய இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது.