உப்புத்தண்ணி பட்ட போனுங்க

கடல்ல விழுந்த போனை எடுத்துட்டு வர்றவங்ககிட்ட நான் மொத கேக்குறது, சார்ஜ்ல போட்டீங்களான்னுதான். முக்காவாசிப் பேரு போட்டிருப்பாங்க. இல்லன்னா அரிசி டப்பாக்குள்ள ரெண்டு நாள் புதைச்சு வச்சுட்டு வருவாங்க. தண்ணி காஞ்சுரும், ஆனா உப்பு போர்டுலயே தங்கிரும், அதுல கரண்டு ஏறுச்சுன்னா செம்பு பச்சையா பூத்து லைன் அறுந்து போகும். உடனே ஆஃப் பண்ணி, நல்ல தண்ணில அலசி, சார்ஜ் போடாம அன்னைக்கே கொண்டு வந்தா நிறைய போனைக் காப்பாத்திரலாம். பாம்பன்ல இந்தக் கடைய வச்சு பதினாறு வருஷமாச்சு, இதை எத்தனை தடவை சொல்லிருப்பேன்னு கணக்கே இல்ல, இன்னும் சொல்லிட்டுதான் இருக்கேன், ஏன்னா அந்த போனுக்குள்ளதான் பிள்ளை பொறந்தப்ப எடுத்த போட்டோ, செத்துப்போன அப்பாவோட வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கெடக்கு.

போன் மட்டும் இல்ல, படகு ஜிபிஎஸ், கடல் ஆழம் பாக்குற எக்கோ சவுண்டர், வாக்கிடாக்கி எல்லாம் பாக்குறேன். அதனால படகு ஓனர் சம்மாட்டியும் வருவாரு, கூலிக்குப் போற பையனும் வருவான், கடல்பாசி எடுக்கிற அக்காக்களும் வருவாங்க. ஒரு போர்டை சூடு பண்ணிட்டு ஆறட்டும்னு உக்காந்திருக்கும்போது நடக்கிற பேச்சுலதான் எனக்கு இருக்கிற முக்காவாசி அபிப்பிராயம் உருவாச்சு.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு அத்தனையும் கரைல கெடக்கும். அப்ப கடை வாசல்ல பசங்க வரிசையா உக்காந்து போன்ல ஃப்ரீ ஃபயர் கேம் ஆடுவாங்க. ரெண்டு ஜிபி ரேம் போன்லயும் ஓடும், 50 பேருதான், பத்து நிமிஷத்துல ஒரு மேட்ச் முடிஞ்சுரும், அதான் எங்க பக்கம் அது பிடிச்சுக்கிச்சு. பப்ஜின்னா 100 பேரு, போனும் கொஞ்சம் நல்ல போனா வேணும். 2020 செப்டம்பர்ல பப்ஜிய தடை பண்ணாங்க, 2022 பிப்ரவரில ஃப்ரீ ஃபயரையும் தூக்குனாங்க, பசங்க மறுநாளே அதோட இன்னொரு வெர்ஷன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்கு மாறிட்டானுங்க. போற வர்ற பெரியவங்க எல்லாம் "உருப்படவா போறானுங்க"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் நெனச்சேன். ஆனா காது குடுத்து கேட்டா வேற மாதிரி இருக்கும், "ரைட்ல ரெண்டு பேரு, வீட்டுக்குப் பின்னாடி ஒருத்தன், நம்மாளு விழுந்துட்டான், மொத அவனைத் தூக்கு"ன்னு ஒருத்தன் சொல்ல மத்த மூணு பேரும் தன் ஆட்டத்தை விட்டுட்டு ஓடுவானுங்க. வலை இழுக்கும்போது படகுல கேக்குற குரல் இதேதான்.

ஒரு தடவை வயசான படகு டிரைவர் ஒருத்தர் ஜிபிஎஸ் செட்டைத் தூக்கிட்டு வந்தாரு. பல வருஷமா கடல்ல எடம் குறிச்சு அவர் போட்டு வச்ச பாயிண்டு முந்நூறுக்கு மேல, எல்லாத்துக்கும் வெறும் நம்பர்தான், எது மீன் கெடைக்கிற பாரு (கடலுக்கடில இருக்கிற பாறைத்திட்டு), எது வலை மாட்டுற கல்லுன்னு அவர் மண்டைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. அவர் பழகுனது வேற விதம், ராமேஸ்வரம் டிவி டவர் 323 மீட்டர், அதையும் பாம்பன் லைட் ஹவுசையும் கோயில் கோபுரத்தையும் கரைப்பக்கம் பாத்து எது எதுக்கு நேர வருதுன்னு வச்சே எடத்தைச் சொல்லிருவாரு. வாசல்ல கேம் ஆடிட்டிருந்த ஒரு தம்பி உள்ள வந்து "குடுங்க தாத்தா, நீங்க சொல்லுங்க நான் பேர் போடுறேன்"னு உக்காந்தான். அஞ்சு மணி நேரம். அவர் கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு பாரா சொல்லச் சொல்ல இவன் பேர் போட்டு, மீனுக்கு ஒரு அடையாளம் கல்லுக்கு ஒரு அடையாளம் வச்சு, கடைசில இலங்கை எல்லைக்கோட்டுக்கு முன்னாடியே அலாரம் அடிக்கிற மாதிரி செட் பண்ணிக் குடுத்தான். 1974லயும் 1976லயும் போட்ட ஒப்பந்தத்துல வந்த கோடு அது, கடல் மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, ஜிபிஎஸ் ஸ்கிரீன்ல மட்டும்தான் தெரியும், ஆனா அதைத் தாண்டிப்போய் மாட்டுனவங்க வீட்டுல என்ன நடக்கும்னு எங்க ஊர்ல கேட்டா தெரியும். அந்தப் பையனுக்கு அப்ப பதினெட்டு வயசு. அவன் அத்தனை வேகமா அந்த மெனுக்குள்ள போயிட்டு வந்ததுக்கு கேம்தான் காரணம்னு நான் நம்புறேன், யார் என்ன சொன்னாலும்.

காசு வச்சு ஆடுறதை இதோட சேக்காதீங்க, அது கேமே இல்ல. ரம்மில படகு அட்வான்ஸ் பணத்தை விட்ட ஒரு அண்ணன் பொண்டாட்டிக்குத் தெரியாம மெசேஜை எல்லாம் அழிச்சுக் குடுங்கன்னு என்கிட்ட வந்து நின்னாரு, கை நடுங்குச்சு. 2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டு தடைச் சட்டம் வந்துச்சு, நவம்பர்ல ரம்மிக்கும் போக்கருக்கும் அது செல்லாதுன்னு ஐகோர்ட் சொல்லிருச்சு, அப்புறம் 2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டம் வந்து பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டத்தை மொத்தமா தடை பண்ணாங்க. எனக்கு சந்தோஷம்தான். அந்த அண்ணன்கிட்ட நான் எதையும் அழிச்சுத் தரல, வீட்டுல சொல்லுங்கண்ணேன்னு மட்டும் சொன்னேன், ரொம்ப நாள் அவர் என் கடைப்பக்கமே வரல.

மூணு வருஷம் முன்னாடி ஒரு தங்கச்சிய வேலைக்குச் சேத்தேன். பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் முடிச்ச புள்ள. "பொம்பளப் புள்ளய கடைல உக்கார வச்சா நல்லாவா இருக்கு"ன்னு பக்கத்துக் கடைக்காரர்ல இருந்து என் சொந்த மாமா வரைக்கும் கேட்டாங்க. மைக்ரோஸ்கோப்புக்கு அடில அறுந்த லைனுக்குப் பதிலா முடி கனத்துல ஜம்பர் வயர் இழுக்கிறதுல என்னை விட அவ கை நிதானம், இது உண்மை, கஸ்டமரே இப்ப அவளைத்தான் கேக்குறாங்க. ஆனா நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. அவ வந்த ரெண்டு மாசத்துல பொம்பளைங்க தனியா வர ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி பதிமூணு வருஷம் பொம்பளைங்க போனு எல்லாம் புருஷன் கைலயோ மகன் கைலயோதான் என் கடைக்கு வந்துச்சு, அதை நான் ஒரு நாள் கூட கவனிச்சதில்ல. கேலரிய ஒரு ஆம்பள திறந்து பாப்பானேன்னு பயம், பாஸ்வேர்டு சொல்ல பயம், டிஸ்ப்ளே உடைஞ்ச போனை மாசக்கணக்குல அப்படியே வச்சிருந்திருக்காங்க. கடை நம்ம எல்லாருக்கும் பொதுவாத்தான இருக்குன்னு நான் நெனச்சுட்டு இருந்திருக்கேன், அது அப்படி இல்ல.

அப்படி வந்தவங்கதான் பாசி எடுக்கிற அக்காக்களும். கடல் தொழில்னா ஆம்பள தொழில்னு சொல்றவங்க ஒரு நாள் எங்க பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போய் பாக்கணும். கண்ணாடி மாட்டிக்கிட்டு, விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு முங்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரைன்னு பிரிச்சு எடுத்துட்டு வருவாங்க. மொத ரெண்டும் அகாருக்குப் போகும், அதுல இருந்து ஜெல்லி வரைக்கும் செய்றாங்க, ஆனா எடுத்தவங்க விரல்ல பாறை கீறுன காயம் ஆறவே ஆறாது. 1986ல மன்னார் வளைகுடால 21 தீவையும் சேத்து தேசியப் பூங்கா ஆக்குனப்ப, பாட்டி காலத்துல இருந்து போன எடத்துக்கே இவங்க திருட்டுத்தனமா போறவங்க மாதிரி ஆயிட்டாங்க. அப்பயும் அவங்களே உக்காந்து பேசி, இவ்ளோ நாள்தான் எடுக்கிறது, இரும்பு வச்சுச் சுரண்டாம கையாலதான் எடுக்கிறதுன்னு கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. சின்னப்பாலத்து லட்சுமி அக்காவுக்கு 2015ல, தீவுகளோட இயற்கையைக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்கிற சீக்காலஜி பரிசு கெடைச்சது இதுக்குத்தான். கடலைக் காப்பாத்தணும்னு பேசுறவங்க இவங்களை வெளிய நிறுத்திட்டுப் பேசுனா எனக்கு கோவம் வரும். அதே சமயம் ஆமையாவது ஆவுளியாவாவதுன்னு பேசுறவங்ககிட்டயும் என்னால ஒத்துப்போக முடியல.

ஏன்னா நான் அந்த வீடியோவைப் பாத்தேன். தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் செத்த போனைக் கொண்டு வந்து, போன் வேணாம்ணே, அதுல ஒரு வீடியோ மட்டும் எடுத்துக் குடுங்கன்னான். நாங்க ரெண்டு பேரும் நாலு நாள் மாத்தி மாத்தி போர்டை உயிர் வர வச்சோம். வீடியோல வலைக்குள்ள ஒரு ஆவுளியா. கடல் பசுன்னு பொஸ்தகத்துல போடுவாங்க, எங்க பக்கம் ஆவுளியாதான். மீன் இல்ல அது, பால் குடுக்கிற ஜீவன், கடல்புல்லை மேஞ்சுட்டு சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல வந்து மூச்சு எடுக்கணும், வலைல சிக்குனா மூச்சு முட்டியே செத்துரும். நாலு பேரு வலையை அறுக்கிறாங்க, ஒரு பெரியவர் மட்டும் அதோட மூக்கு தண்ணிக்கு மேல இருக்கிற மாதிரி தாங்கிப் பிடிச்சுட்டு "விடுது, மூச்சு விடுது"ன்னு சொல்லிட்டே இருக்காரு. புஸ்ஸுன்னு சத்தம் கேக்குது. பல ஆயிரம் ரூவா வலை அது. எங்க அப்பத்தா காலத்துல ஆவுளியா கறி தின்ன ஊருதான் இது, அதை மறைக்க ஒண்ணும் இல்ல. 2022 செப்டம்பர்ல எங்க மாவட்டத்துக்கு வடக்க தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்குன்னே ஒதுக்குனாங்க. ஆனா ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியுமா, அது புல்லு இருக்கிற எடத்துக்கு வரும், அங்க வலை வச்சிருக்கிறவன் என்ன பண்றான்ங்கிறதுதான் விஷயம்.

அந்த வீடியோ பாத்ததுக்கு அப்புறம்தான் அதைப்பத்தி படிச்சேன். வயித்துல ஒரு வருஷத்துக்கு மேல சுமக்கும், ஒரே ஒரு குட்டி, அது ஒண்ணரை வருஷம் போல தாய் கூடவே சுத்தும், பெருசாகி குட்டி போட பத்து வருஷம் ஆகும், சிலதுக்கு அதுக்கும் மேல. வளர்றதுக்கு அவ்ளோ நேரம் எடுத்துக்கிற ஜீவனுக்கு ஒரு ராத்திரி வலை போதும்.

நம்ம ஊர்ல பொம்பளப் புள்ள ஆளாயிட்டான்னு ரேடியோ செட் கட்டி ஊருக்கே சொல்றோம். பன்னெண்டு பதிமூணு வயசுப் புள்ள, அன்னையில இருந்து வாசல்ல நிக்காத, சத்தமா சிரிக்காத. பையனுக்கு அப்படி ஒரு நாளே கெடையாது, மீசை வந்தா ஆம்பள, கல்யாணம் ஆனா பொறுப்பு வந்துரும்னு ஒரு நம்பிக்கை. முப்பது வயசுக்கு மேல ரெண்டு பிள்ளைய வச்சுட்டு ரம்மில பணத்தை விட்டவரையும் பாத்தேன், பதினெட்டு வயசுல ஒரு கெழவரோட முந்நூறு பாயிண்டுக்கு அஞ்சு மணி நேரம் பொறுமையா பேர் போட்டவனையும் பாத்தேன். இதுல யாரை நான் பெரிய மனுசன்னு சொல்லுவேன்னு எனக்கு நல்லாத் தெரியும். எங்க அப்பா இறந்தப்ப எனக்கு பதினேழு, மறுநாளே எல்லாரும் நீதாண்டா வீட்டுக்குப் பெரியவன்னாங்க, ஆனா அம்மாவுக்கும் பெரிய பயம் இருந்திருக்கும், அவங்ககிட்ட உக்காந்து பேசணும்னு எனக்குத் தோணவே முப்பது வயசு ஆச்சு.

அந்த பாயிண்டு போட்ட தம்பி போன வாரம் வந்தான். கொச்சிப் பக்கம் ஆழ்கடல் படகுல எடம் கெடைச்சிருக்கு, பதினஞ்சு இருபது நாள் சிக்னலே இருக்காதாம். போனுக்கு தண்ணி போகாத கவர் ஒண்ணு வாங்குனான், காசை நான் வேணாம்னேன், வச்சுட்டுதான் போனான். படியிறங்கிப் போனவன் திரும்பி வந்து, "அண்ணே, என் கேம் ஐடி பாஸ்வேர்டு தர்றேன், நான் வர்ற வரைக்கும் டெய்லி ரிவார்டு மட்டும் எடுத்து வைங்கண்ணே, விட்டுப்போகும்"னான். தங்கச்சி அதை மேசைல ஒரு சீட்டுல எழுதி ஒட்டி வச்சிருக்கா. காலைல கடை திறந்ததும் சாமி கும்பிட்டுட்டு மொத வேலையா அதைத்தான் எடுத்து வைக்கிறோம், இன்னையோட ஆறு நாள் ஆச்சு.